நகரலாம், போகக் கூடாது

அந்தப் பேருந்துக்கு வயிறு நிறைய டீசல் இருந்தது. எல்லாச் சக்கரத்திலும் காற்று இருந்தது. ஓட்ட ஓர் ஆள் இருந்தார், ஏறப் பிள்ளைகள் இருந்தார்கள், ஊரை விட்டு ஓடுவதற்கான காரணமும் நாளுக்கு நாள் கிட்டே வந்துகொண்டிருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். திறப்பு விழா.

பேருந்து நின்றது எந்த நாட்டில் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நாட்டின் பெயரைச் சொன்னால் ஒரு பக்கம் சாய்ந்ததாக ஆகிவிடும் என்று மழலை மலர்ச்சி உலக அறக்கட்டளை விதி வைத்திருந்தது. சண்டை நடக்கிற இடங்களில், ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் வளர்ச்சிக்கு உதவுவதற்காக ஏற்பட்ட அறக்கட்டளை அது. நியூ ஜெர்சி ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில், ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் தலைமையகம். லிவர்மோரிலும் ஹூஸ்டனிலும் கிளைகள். சண்டை என்ற சொல்லையே அங்கே புழங்க மாட்டார்கள். சவாலான சூழல் என்பார்கள். குண்டு விழுந்தால் எதிர்பாராத ஒலி நிகழ்வு. பள்ளிக்கூடத்தின் கூரை பறந்துவிட்டால், வகுப்பறை திறந்தவெளி முறைக்கு மாறியது.

இந்த அகராதியை மனப்பாடம் செய்து, வருகிற தொலைபேசிக்கெல்லாம் பதில் சொல்கிற வேலை ஜெயசெல்விக்கு. நாகர்கோவில்காரி. கணவருக்கு மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்தபோது கூடவே வந்தவள். அவளுடைய தங்கை ரெபெக்கா நர்ஸ். அந்தப் பேர் சொல்லாத நாட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். டாக்டர்கள் கிளம்பி, ஆஸ்பத்திரியும் பூட்டப்பட்ட பிறகு, போக்கிடம் இல்லாத தாய்மார்கள் சின்னப் பிள்ளைகளோடு அதன் நிலவறையில் அடைந்துகொண்டார்கள். அவர்களை விட்டு வர மனசில்லாமல் ரெபெக்காவும் தங்கிவிட்டாள்.

நிலவறைக்கு மேலே, ஆஸ்பத்திரிக் கொட்டகையில், அறக்கட்டளை வாங்கி, லாரியில் ஏற்றி அனுப்பிய பேருந்து நின்றது. நடமாடும் மழலைப் பூங்கா என்று அதற்குப் பெயர். வெளியே யானையும் மயிலும், அ ஆ இ ஈயும் வரைந்திருந்தார்கள். அந்த ஊரில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் ரெபெக்காதான் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

சண்டை ஊரை நெருங்கியது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் முகாம் இருக்கிறது, உயிர் இருக்கும். இருட்டினால் பாலத்தை மூடிவிடுவார்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடந்து போகிற தூரம் அல்ல.

"எக்கா, வண்டி தலைக்கு மேல நிக்கி," என்றாள் ரெபெக்கா போனில். "சாவி டிரைவர்கிட்டதான் இருக்கு. போட்டுத் திருகினா ஒரு அனக்கமும் இல்ல. செவப்பு லைட்டு மட்டும் மினுங்குது. என்னன்னு உங்க ஆபீஸ்ல கேளு."

ஜெயசெல்வி தொழில்நுட்பச் செயலாளர் ஜம்புநாதனிடம் கேட்டாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அது லாக்மா. நானே டிசைன் பண்ணது. இங்க என் ஃபோன்ல பட்டனை அமுக்கினாத்தான் அங்க இன்ஜின் ஸ்டார்ட் ஆகும். எவனும் திருட முடியாது."

"அப்ப அமுக்குங்க சார். அங்க பிள்ளைங்க வெளியேறணும்."

"எப்படிம்மா? இன்னும் இனாகுரேஷன் ஆகலையே. முதல் தடவை சேர்மன்தான் அமுக்கணும். நான் டெஸ்ட்கூட பண்ணிப் பாக்கல, தெரியுமா? அவ்ளோ டிசிப்ளின்."

சேர்மன் டாக்டர் கஸ்தூரிரங்கன் இதய நிபுணர். ஜெயசெல்வியை உட்காரச் சொல்லி, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"தாராளமா திறந்துடலாம். ஆனா இப்ப ஆடி நடக்குது. ஆடில யாரும் நல்ல காரியம் ஆரம்பிக்கறதில்லை. உங்க பக்கம் இதெல்லாம் பாக்க மாட்டீங்க, அதை நான் மதிக்கிறேன். ஆவணி பொறந்ததும் முதல் முகூர்த்தம். ஹால் புக் பண்ணியாச்சு."

"சார், அதுக்குள்ள ஊரே இருக்காது."

"நெகட்டிவா பேசாதீங்க ஜெயசெல்வி. ஆடில திறந்து அந்த பஸ்ஸுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? உள்ள இருக்கறது யாரு, குழந்தைங்க. அவங்க நல்லா இருக்கணும்னுதானே நான் நாள் பாக்குறேன்."

அவர் கண்ணில் நீர் தளும்பியது. ஜெயசெல்விக்கு அவர் மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் போயிற்று.

இரண்டு நாள் சோறு இறங்காமல் யோசித்து, இன்னொரு யோசனையோடு போனாள். திறக்கவே வேண்டாம். விளக்கேற்ற வேண்டாம். சும்மா ஓட்டிப்போய் ஆட்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் நிறுத்திவிடட்டும். அதற்குப் பிறகு ஆவணியில் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் திறந்துகொள்ளட்டும்.

இதற்காக அவசரக் கூட்டம் கூட்டினார்கள். அவசரம் என்பதால் இட்லி மட்டும்தான், வடை சொல்லவில்லை. லிவர்மோர் கிளைத் தலைவர் பாலசுப்ரமணியன் காரில் வந்துகொண்டே திரையில் கலந்துகொண்டார்.

அறக்கட்டளையின் நோக்கவுரையை சேர்மன் எழுந்து நின்று வாசித்தார். சவாலான சூழலில் வாழும் மழலையரின் மலர்ச்சி. பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் சவால் இருக்கா?"

"இல்ல சார். அதுக்குத்தான் போறாங்க," என்றாள் ஜெயசெல்வி.

"அங்கதான் பிரச்சினை. சவால் இல்லாத எடத்துக்குப் போயிட்டா அவங்க நம்ம குழந்தைங்களே இல்ல. நம்ம குழந்தைங்களை இழக்கறதுக்கு நாமளே வண்டி குடுக்கணுமா?"

மேசையைச் சுற்றி எல்லோரும் கனத்த மனத்தோடு தலையசைத்தார்கள். "ஐ செகண்ட் தட்," என்று வழிமொழிந்தது திரை.

"எதை சார் செகண்ட் பண்றீங்க?"

"மலையேறிட்டு இருக்கேன்மா, பாதி கேக்கல. எதுவா இருந்தாலும் செகண்ட்."

தீர்மானம் நிறைவேறியது. திறப்பு விழா அன்று பேருந்து கொட்டகையிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை வரலாம். வாசலில் நிற்க வேண்டும். நகரலாம், போகக் கூடாது.

பண்பாட்டுச் செயலாளர் நாகமணி ஆன்ட்டியிடம் விழா ஏற்பாட்டை ஒப்படைத்தார்கள். குழந்தை வளர்ப்பைப் பற்றி வாரம் ஒரு காணொளி போடுகிறவர். ஒத்திகைக்காக ரெபெக்காவைத் திரையில் அழைத்தார். பக்கத்தில் ஜெயசெல்வி நின்றாள். நிலவறையில் ஒரு டார்ச் வெளிச்சத்தில் பிள்ளைகளின் முகங்கள் தெரிந்தன.

"குழந்தைங்களுக்கு ஒரு நாளைக்கு ஸ்க்ரீன் டைம் எவ்ளோ குடுக்கறீங்கம்மா?"

"கரண்ட் இல்ல மேடம்."

"ஸோ நைஸ். எங்க எடிசன் டவுன் பேரன்ட்ஸ் இதைக் கேக்கணும். ஜங்க் ஃபுட்?"

"சாப்பாடே ஒரு நேரந்தான் மேடம்."

"இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்," என்று நாகமணி மெச்சிக்கொண்டார். "தூங்கற டைம் கரெக்டா வெச்சிருக்கீங்களா?"

"குண்டுச் சத்தம் நின்னாத் தூங்குவாங்க."

"அந்த வேர்ட் வேணாமே."

ரெபெக்கா அக்காவைப் பார்த்தாள். அக்கா கண்ணால் கெஞ்சினாள். "ஒலி நிகழ்வு நின்னா," என்றாள் ரெபெக்கா.

வரவேற்புப் பாட்டை நாகமணியே எழுதியிருந்தார். ரெபெக்கா சொல்லிக்கொடுத்து, ஹவா என்ற நாலு வயதுக்காரி பாடினாள். அர்த்தம் தெரியாத தமிழை, ரெபெக்காவின் காதுமடலைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பாடினாள். முடித்ததும் ஒரு கண்ணை மட்டும் திறந்து எல்லோரும் இருக்கிறார்களா என்று பார்த்தாள். நாகமணிக்குப் பிடித்துவிட்டது. அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் அவள் பெயர் ஏறியது.

ஆடி இருக்கிறதே, அது எல்லா மாதத்தையும் போலத்தான் நகரும். காத்திருக்கிறவர்களுக்குத்தான் நகராது. ஜெயசெல்வி காலையில் எழுந்ததும் போனைப் பார்ப்பாள், பிறகு காலண்டரைப் பார்ப்பாள். ஆபீசுக்குப் போனால் எலுமிச்சைப் பிரச்சினை. புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்து நசுக்க வேண்டுமே, அந்த ஊரில் எலுமிச்சை கிடைக்குமா என்று ஆராய ஒரு உபகுழு. எலுமிச்சை இல்லாவிட்டால் வெங்காயம் வைக்கலாம் என்று ஹூஸ்டன் கிளை ஒரு ஜோசியரைக் கேட்டுச் சொன்னது.

"வெங்காயம் இருந்துச்சு எக்கா," என்றாள் ரெபெக்கா. "நேத்து கஞ்சில போட்டுட்டேன்."

"பரவால்ல. வேற என்னத்தயாவது வையி."

"எக்கா, ஹவா பாட மாட்டா. வேற பிள்ளைய நிப்பாட்டுதேன்."

"ஏன், காய்ச்சலா?"

"தண்ணி பிடிக்க அவ அம்மகூடப் போனா."

ஜெயசெல்வி சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தங்கையும் போனை வைக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு இருந்தார்கள்.

"நீ அந்தப் பட்டனை மட்டும் அமுக்க வையி," என்றாள் ரெபெக்கா கடைசியில். "இன்ஜின் பிடிச்சாப் போதும். பிள்ளைங்கள சீட்டுல உக்கார வச்சு, கையில கொடி குடுக்கச் சொல்லிருக்காங்கல்லா? அம்மமார தரையில படுக்க வச்சிருவேன், கேமராக்குத் தெரியாது. வாசல்ல நிறுத்துன்னு அங்கேந்து சொன்னா எனக்குக் காது கேக்காது. ஆனா இருட்டுமுன்ன அமுக்கணும். இருட்டிட்டா பாலம் கிடையாது. மறுநாள் வரைக்கும் இந்த ஊரு நிக்காது."

மறுநாள் ஜெயசெல்வி, ஹவா இறந்துவிட்டாள் என்று நாகமணியிடம் சொன்னாள். அந்த ஒரு சொல்லுக்கு அகராதியில் மாற்று இல்லாததால் நேராகவே சொன்னாள். நாகமணி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். நிஜமாகவே உடைந்துபோனார்.

"ஐயோ, என்ன ஒரு குரல்," என்றார். பிறகு, "இன்விடேஷன்ல பேர் போட்டாச்சே. வர்ற குழந்தையையும் ஹவான்னே கூப்பிட்டுக்கலாமா? குழந்தைதானே, ஒண்ணும் நினைச்சுக்காது."

விழா ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பதரை மணிக்கே தொடங்கிவிடலாம் என்று ஜெயசெல்வி கெஞ்சியிருந்தாள். அங்கே அப்போது சாயங்காலம். ஆனால் ஞாயிறு சாயங்காலம் ராகு காலமாயிற்றே என்று ஒரு சிக்கல் எழுந்தது. பட்டன் அமுக்குகிற ஊரின் ராகு காலமா, பேருந்து நிற்கிற ஊரின் ராகு காலமா? ஒரு வாரம் மின்னஞ்சலில் அடித்துக்கொண்டார்கள். தலைவர் எங்கே நிற்கிறாரோ அங்கேதான் ராகுவும் இருப்பார் என்று சேர்மன் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் ஜெயசெல்விக்கு மூச்சு வந்தது.

ஹால் நிரம்பிவிட்டது. மேடையில் குத்துவிளக்கு, பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு திரை. திரையில், தூணில் கட்டிவைத்த டிரைவரின் போன் வழியாக, ஆஸ்பத்திரிக் கொட்டகை, யானையும் மயிலும் போட்ட பேருந்து, ஒவ்வொரு சன்னலிலும் ஒரு குட்டி முகம். பேருந்தின் கூரைமேல் மஞ்சள் வெயில் விழுந்திருந்தது. சால்வைத் தட்டை ஏந்திக்கொண்டு ஜெயசெல்வி மேடை ஓரத்தில் நின்றாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்த வெயிலை மட்டும்தான்.

வரவேற்புரை நடந்தது. வெயில் கூரையிலிருந்து சன்னலுக்கு இறங்கியது. "இப்போது செல்வி ஹவா," என்று நாகமணி அறிவித்தார். வேறொரு பிள்ளை கேமரா முன்னால் வந்து, இரண்டு வரி முணுமுணுத்துவிட்டு, அழுகிற முகத்தோடு விலகிப்போனது. ஹால் உருகியது. வெயில் மயிலின் கழுத்துக்கு வந்தது.

பிறகு பொன்னாடை. ஹூஸ்டனுக்கு, ஹால் உரிமையாளருக்கு, சாப்பாட்டுப் பொறுப்பாளருக்கு. ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்த ஒருவர், போர்த்த ஒருவர், படத்துக்காக இரண்டாவது தடவை போர்த்த இன்னொருவர். ஜெயசெல்விக்குத் தாங்கவில்லை. எல்லோரும் கேமராவைப் பார்த்து நிற்கிற நேரத்தில், தட்டிலிருந்த மிச்சச் சால்வைகளை அள்ளி, சாப்பாட்டுக் கூடத்தில் சாம்பார் அண்டா வைத்திருந்த மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தாள். சால்வை தீர்ந்தால் போர்த்துவதும் தீரும் என்று நினைத்தாள். பாவம், மனுஷர்களைத் தெரியாதவள்.

"பாலசுப்ரமணியன் சாருக்கு சால்வை எங்க?" என்றார் நாகமணி மைக்கிலேயே.

"பரவால்ல, எனக்கெதுக்கு அதெல்லாம்," என்றார் லிவர்மோரிலிருந்து விமானம் ஏறி வந்திருந்த பாலசுப்ரமணியன், நாற்காலியை விட்டு அசையாமல்.

"நோ நோ. நீங்க இல்லாம பஸ்ஸே இல்ல. சால்வை கிடைக்கட்டும், வெயிட் பண்ணலாம்."

தேடினார்கள். காரில் தேடினார்கள், பூக்கூடையில் தேடினார்கள். இடைவெளியை நிரப்ப ஒரு சிறுமியை ஆடவிட்டார்கள். திரையில் வெயில் பேருந்தை விட்டு இறங்கி, தரையில் கொஞ்சம் நின்று, போயே போய்விட்டது. சன்னல் முகங்கள் சாம்பல் நிறமாகிக்கொண்டு வந்தன. ரெபெக்கா கேமராவுக்கு மிக அருகில் வந்து, உற்றுப் பார்த்தாள்.

ஜெயசெல்வி ஓடினாள். மேசைக்கு அடியில் குனிந்து, சாம்பார் சொட்டிய ஒரு சால்வையை இழுத்து வந்து, யாருடைய அறிமுகத்துக்கும் காத்திராமல் பாலசுப்ரமணியன் கழுத்தில் போட்டாள்.

"பட்டன் சார்," என்றாள் சேர்மனிடம். "இருட்டிட்டு வருது. உங்க காலப் பிடிக்கேன், பட்டன்."

"ஒரே நிமிஷம்மா," என்று அவர் மைக்கைப் பிடித்தார். "அன்பர்களே. ஆயிரம் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் ஒரு பேருந்தை, இங்கே நியூ ஜெர்சியில் இருந்தபடியே, அசையாமல் நிறுத்தி வைக்கிற ஆற்றல் வேறு எந்தச் சமூகத்துக்கு உண்டு? சில பேர் கேட்டார்கள், ஏன் சார் முன்பே கொடுக்கவில்லை என்று. கொடுத்திருந்தால் அது வெறும் உதவியாகப் போயிருக்கும். இன்று அது விழாவாக மலர்ந்திருக்கிறது."

கைதட்டலுக்கு நடுவே, ஜம்புநாதன் தாம்பாளத்தில் வைத்து நீட்டிய போனில், சேர்மன் பட்டனை அமுக்கினார்.

பேருந்து ஒரு உறுமல் உறுமியது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சைக்குப் பதிலாக ரெபெக்கா பிள்ளைகளின் மஞ்சள் பிளாஸ்டிக் பந்துகளை வைத்திருந்தாள். வண்டி அசைந்ததும் அவை டப் டப்பென்று வெடித்தன. அந்த நொடியில் சன்னல்களில் இருந்த அத்தனை முகமும் மறைந்தது. ஒரு பிள்ளை கத்தவில்லை, ஒரு பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. எத்தனையோ நாள் பழகியதுபோல எல்லாம் ஒன்றாகச் சீட்டுக்கு அடியில் போய்விட்டன. காலி சன்னல்கள்.

"ச்சோ ச்வீட்," என்றார் நாகமணி. "பீக்கபூ விளையாடறாங்க, கண்ணாமூச்சி." ஹால் குலுங்கிச் சிரித்தது.

பேருந்து வாசலுக்கு வந்தது. வாசலில் நிற்கவில்லை. திரையின் விளிம்பைத் தாண்டி யானை போயிற்று, மயில் போயிற்று, அ ஆ இ ஈ போயிற்று. கொட்டகை மட்டும் நின்றது. பிறகு திரையும் கறுப்பானது.

சேர்மன் மைக்கைப் பொத்திக்கொண்டார். "எங்க போறாங்க? ஆஃப் பண்ணுங்க ஜம்பு."

"ஓடுற வண்டியை ஆஃப் பண்ண முடியாது சார். சேஃப்டி ஃபீச்சர். நானே டிசைன் பண்ணது."

கூட்டம் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தது. சேர்மன் ஒரு கணம் கூட்டத்தைப் பார்த்தார். மைக்கைத் திறந்தார். "இதுதான் நாங்கள் கனவு கண்ட பயணம்," என்றார்.

அதன் பிறகு பரதநாட்டியம், கீபோர்டு, ஒரு நாடகம். ஜெயசெல்வி சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் போனை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்த ஜெபமும் முழுதாக வரவில்லை. இருட்டுவதற்குள் போயிருப்பார்களா என்பதை அவளால் நினைக்க முடியவில்லை. அந்தச் சால்வைகளைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தாள். சாப்பாட்டு வரிசை பாதி நகர்ந்தபோது போன் அதிர்ந்தது.

"எக்கா. பாலம் தாண்டியாச்சு. காவக்காரன் மூடிட்டிருந்தான், பிள்ளைங்களப் பாத்துட்டு விட்டுட்டான்."

"எல்லாருமா?"

"வண்டில ஏறின எல்லாரும்."

ஜெயசெல்வி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இங்க கஞ்சி ஊத்துறாங்க," என்றாள் ரெபெக்கா. "ஆனா ஒரு பிள்ளையும் வண்டிய விட்டு எறங்க மாட்டேங்கு எக்கா. சீட்டுக் கம்பியக் கட்டிப் பிடிச்சிட்டு இருக்குதுங்க. தரையில கால வச்சா வெடிக்கும்னு நினைக்குது. பெத்தவ தூக்கினாக்கூட கடிக்குது. நான் என்ன செய்ய, சொல்லு."

அதற்குள் நாகமணி ஜெயசெல்வியின் முகத்தைப் பார்த்துவிட்டார். செய்தி வந்துவிட்டது என்று தெரிந்ததும் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போனார். நாடகத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். சேர்மன் அவள் தோளில் கை வைத்து மைக்கை நீட்டினார்.

"ஒரே லைன்ல சொல்லுங்கம்மா. குழந்தைங்களுக்கு நம்ம பஸ் பிடிச்சிருக்காமா?"

ஜெயசெல்வி கூட்டத்தைப் பார்த்தாள். எல்லாம் நல்ல முகங்கள். பிள்ளைகளை மடியில் வைத்திருந்தவர்கள் பாதிப் பேர். இவர்களுக்குச் சொன்னால் புரியும் என்று அவளுக்குத் தோன்றியது.

"பாலம் தாண்டிட்டாங்க," என்றாள். "ஆனா பிள்ளைங்க பஸ்ஸ விட்டு இறங்கவே மாட்டேங்குறாங்க."

ஹால் ஆனந்தத்தில் அதிர்ந்தது. சேர்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வரிசையில் நின்றவர்கள் காலித் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார்கள். ஏன் இறங்கவில்லை என்பதை அடுத்த வாக்கியத்தில் சொல்வதற்காக, சத்தம் ஓயட்டும் என்று ஜெயசெல்வி மைக்கைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

ஓயவில்லை.